"இப்போது வேண்டாம்" என்று சொல்லும் இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக நடப்புகளை வெளியிடும் தமிழ் இதழ்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய இதழ்களைச் சந்தா கட்டிப் படிக்கிறேன். சிலருக்குக் கட்டுரைகள் எழுதியும் மொழிபெயர்த்தும் தருகிறேன். சன்மானத்தைப் பற்றிப் பேச இந்த மடல் இல்லை, பயப்பட வேண்டாம். கிங்ஸ்லி மார்ட்டின் என்ற ஆங்கிலேய இதழாசிரியரைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். 1931 முதல் 1960 வரை லண்டனில் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' என்ற இடதுசாரி வார இதழை நடத்தியவர் அவர். நம் பக்கம் அவர் பெயர் அடிபடுவது ஒரே ஒரு இடத்தில்தான்: '1984' நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல்லின் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க் கட்டுரையைப் போட மறுத்த ஆசாமி. முப்பது வருட உழைப்பு அந்த ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரி பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், மறுத்தவர் யாரோ ஒருவர், நாமெல்லாம் ஆர்வெல் பக்கம் என்று நிம்மதியாக இருந்துவிடலாம். அந்த நிம்மதி நமக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம்.

மார்ட்டின் 1897இல் ஹியர்ஃபர்டில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். அப்பா, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரை எதிர்த்தவர். ஊரே கொடி பிடித்துக் கொண்டாடும் ஒரு போரை எதிர்த்துப் பேசினால் அந்த வீடு என்ன பாடுபடும் என்பது மகனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். முதல் உலகப் போரில் அவரும் ஆயுதம் ஏந்த மறுத்தார். போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து காயம்பட்டவர்களைக் கவனித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் படிப்பு, லண்டன் பொருளியல் பள்ளியில் விரிவுரையாளர் வேலை, அப்புறம் 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழில் தலையங்கம் எழுதும் வேலை. இவற்றை விரித்துச் சொல்ல அவசியமில்லை. முப்பத்துமூன்று வயதில் அவருக்கு ஒரு வார இதழ் கிடைத்தது என்பதுதான் முக்கியம்.

கிடைத்த இதழ் செழிப்பான இதழும் இல்லை. சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியர் 1913இல் தொடங்கியது. பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் பின்னால் நின்ற 'நேஷன்' இதழோடு 1931இல் அதை இணைத்தார்கள். மார்ட்டின் பொறுப்பேற்றபோது விற்பனை சுமார் 14,000. அவர் விலகியபோது சுமார் 80,000. தொலைக்காட்சி வந்து குந்திய பிறகும் இந்த எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள். முன்பாதி அரசியல், பின்பாதி இலக்கியம். இரண்டு பாதிக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை உண்டா என்று சந்தேகப்படும்படி இருக்கும். பின்பாதிக்காகவே வாங்கிய பழமைவாதிகளும் உண்டு, முன்பாதியைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டே.

ஒவ்வொரு வாரமும் 'கிரிட்டிக்' என்ற புனைபெயரில் 'லண்டன் டயரி' என்றொரு பத்தி எழுதுவார். யாரைச் சந்தித்தார், எதைக் கேட்டு எரிச்சல்பட்டார், எந்த விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறார் என்பதெல்லாம் அதில் வரும். திணறலை அச்சில் காட்டும் ஆசிரியர்கள் அன்றும் அபூர்வம்தான். 1934இல் 'வீக்எண்ட் ரிவ்யூ' என்ற இதழை விழுங்கியபோது அதிலிருந்து 'திஸ் இங்கிலாண்ட்' என்ற பத்தியும் கூடவே வந்தது. வாசகர்கள் நாளிதழ்களில் வரும் அபத்தமான துணுக்குகளைக் கத்தரித்து அனுப்புவார்கள். இதழ் ஒரு வார்த்தை கருத்துச் சொல்லாமல் அப்படியே போடும். வாசகருக்கே சிரிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை அந்தப் பத்தியில் இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவோடும் அவருக்கு நெருக்கம் உண்டு. நேருவுக்கு நண்பர். இந்திய விடுதலையை ஆதரித்த இதழ் அவருடையது. 1948 ஜனவரியில் டெல்லிக்கு வந்து காந்தியைச் சந்தித்து அகிம்சையைப் பற்றிப் பேசினார். சந்திப்பு 27ஆம் தேதி. 30ஆம் தேதி காந்தி இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1934 ஜூலையில் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் மாஸ்கோவில் ஸ்டாலினைச் சந்தித்துப் பேசினார். அந்த உரையாடலை அக்டோபரில் மார்ட்டின் முழுதாக வெளியிட்டார். அதோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல பேட்டி, அவ்வளவுதான். அவர் அதற்கு மேலே போனார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா பதில் எழுதினார், வெல்ஸைக் கிழித்துத் தொங்கவிட்டார். வெல்ஸ் திருப்பிக் கொடுத்தார். கெய்ன்ஸ் உள்ளே புகுந்து இருவரிடமும் குறை கண்டார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நாடகாசிரியர் எர்ன்ஸ்ட் டோலர் எழுதினார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிறு பிரசுரமாகவும் போட்டார்கள். சோவியத் ஒன்றியத்தைப் பற்றி அந்த இதழின் வாசகர்கள் மத்தியில் இருந்த எல்லாக் கருத்தும் நாலைந்து வாரங்களுக்குள் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன. இதழ் கெட்டுப்போகவில்லை. சோவியத் ஒன்றியமும் இடிந்து விழவில்லை. ஆக, தன் சார்புக்கு இடறலாக இருக்கும் ஒன்றை எப்படி வெளியிடுவது என்ற வித்தை மார்ட்டினுக்கு நன்றாகவே தெரியும். இல்லை, அவரைப்போல் தெரிந்தவர் அன்றைக்கு லண்டனில் குறைவு.

மூன்றே வருடத்தில் அந்த வித்தை அவருக்கு மறந்துபோனது.

1937 மே மாதம் பார்சிலோனாவில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குடியரசு அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய தளபதி பிராங்கோவை எதிர்த்து நின்ற குடியரசுத் தரப்புக்குள்ளேயே சண்டை. அராஜகவாதிகள் (அரசு என்ற ஒன்றே கூடாது என்ற கொள்கையினர்) கையில் இருந்த தொலைபேசி நிலையத்தைப் பிடிக்க 3ஆம் தேதி போலீஸ் போனது. தெருவெல்லாம் தடுப்பரண் எழுந்தது. ஆர்வெல் அப்போது பி.ஓ.யூ.எம். என்ற சிறு கட்சியின் படைப்பிரிவில் இருந்தார். மார்க்சியக் கட்சி, ஆனால் ஸ்டாலினை எதிர்த்த கட்சி. விடுப்பில் நகரத்துக்கு வந்தவர் ஒரு சினிமா கொட்டகையின் மொட்டைமாடியில் துப்பாக்கியோடு காவல் இருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் போர்முனைக்குத் திரும்பி, தொண்டையில் குண்டு வாங்கி, பிழைத்து வந்து பார்த்தால் அவருடைய கட்சியையே தடை செய்துவிட்டார்கள். அதன் தலைவர் ஆந்திரேஸ் நின்னைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்ப விடவில்லை. பாசிசத்தின் கைக்கூலிகள் என்று முத்திரை குத்தித் தோழர்களைச் சிறையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆர்வெல் இரவில் தெருவில் படுத்து ஒளிந்து, ஜூன் கடைசியில் எல்லையைத் தாண்டினார்.

பிரான்சிலிருந்தே 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழுக்குத் தந்தி அடித்தார்: கட்டுரை வேண்டுமா? வேண்டும் என்று பதில் வந்தது. கட்டுரை போனது. பி.ஓ.யூ.எம். ஒடுக்கப்பட்டதைப் பற்றியது என்று தெரிந்ததும், போட முடியாது என்றார்கள். ஆறுதலுக்காக ஒரு புத்தகம் மதிப்புரைக்கு அனுப்பினார்கள். ஃபிரான்ஸ் போர்க்கெனாவ் என்ற ஆஸ்திரியச் சமூகவியலாளர் ஸ்பெயினுக்கு நேரில் போய்வந்து எழுதியது. ஆர்வெல் எழுதிய மதிப்புரையும் திரும்பி வந்தது. இந்த முறை மார்ட்டினே கடிதம் எழுதினார். இதழின் அரசியல் நிலைப்பாட்டுக்கு இது மிகவும் முரணாக இருக்கிறது. நம் ஸ்பெயின் செய்தியாளர்கள் எல்லாரும் தவறு என்று ஆகிவிடுகிறது என்பது அதன் சாரம். எழுதியதற்குக் காசு மட்டும் தருவதாகச் சொன்னார். இது ஏறக்குறைய வாயை அடைக்கக் கொடுக்கும் காசு என்று ஆர்வெல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். (நம் இதழ்களில் போடாத கட்டுரைக்குக் காசு என்ற பேச்சே... வேண்டாம், சன்மானம் பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.)

மார்ட்டின் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வலுவான நியாயம். ஏப்ரல் 26ஆம் தேதிதான் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் கெர்னிகா ஊரைக் குண்டு போட்டு எரித்திருந்தன. ஹிட்லரும் முசோலினியும் பிராங்கோவுக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பிக்கொண்டிருக்க, பிரிட்டனும் பிரான்சும் தலையிடாக் கொள்கை என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தன. குடியரசுக்குப் பெருமளவில் ஆயுதம் விற்ற ஒரே நாடு சோவியத் ஒன்றியம். லண்டனில் குடியரசுக்காக அரசை நெருக்கும் சின்னக் கூட்டம் படிக்கிற இதழில், "குடியரசுத் தரப்பே தன் ஆட்களைச் சிறையில் போட்டுக் கொல்கிறது" என்று வந்தால் அடுத்த நாளே அதைத் தூக்கிக் காட்டப் பிராங்கோ ஆதரவு ஏடுகள் காத்திருந்தன. இது கற்பனைப் பயம் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் ஒரு ராத்திரியாவது தூங்கியிருக்கமாட்டேன். மார்ட்டின் பின்னாளிலும் தன் முடிவைத் தற்காத்தே பேசினார்.

இன்னொன்று, அதே மே மாதம் 15ஆம் தேதி லிஸ்டன் ஓக் என்ற அமெரிக்கர் பார்சிலோனா சண்டையைப் பற்றி எழுதிய கட்டுரையை அதே இதழ் வெளியிட்டிருக்கிறது. கம்யூனிஸ்டுகளை விமர்சிக்கும் கட்டுரை. மருத்துவமனையில் படுத்திருந்த ஆர்வெல்லே அதைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆகவே இருட்டடிப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதும் சரியில்லை. ஒரு மாதம் கதவைத் திறந்து, பிறகு சாத்திவிட்டார்கள். ஏன் சாத்தினோம் என்று வாசகருக்குச் சொல்லவில்லை.

என் கோபம் முதல் மறுப்பைவிட இரண்டாவது மறுப்பின்மேல்தான் அதிகம். முதல் கட்டுரை ஒருவரின் சொந்த அனுபவம். காயம்பட்டவர், கோபமாக இருக்கிறார், ஒரு கட்சியின் படையில் இருந்தவர், மிகைப்படுத்தலாம் என்று ஆசிரியர் தயங்கினால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் போர்க்கெனாவ் இரண்டாவது சாட்சி. ஆர்வெல்லோடு அவருக்குச் சம்பந்தமே இல்லை. தனியாகப் போனவர், தனியாகக் கைதானவர், தனியாக எழுதியவர். இரண்டு சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். அப்போது ஆசிரியர், "நம் செய்தியாளர்கள் எல்லாரும் தவறு என்று ஆகிவிடுகிறதே" என்கிறார். ஐயா, அந்த வாக்கியத்தை எழுதிய கை அங்கேயே நின்றிருக்க வேண்டாமா? நிறுத்திவைப்பதற்குச் சொன்ன காரணமே, செய்தியாளர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கான காரணம்.

அதோடு, அந்த இதழைப் படித்தவர்களுக்கு ஸ்பெயின் ஏதோ தூர தேசத்துச் சங்கதி இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மைலியின் பேரன் பாப் ஸ்மைலி, ஆர்வெல் இருந்த அதே பிரிட்டிஷ் குழுவில் சண்டை போட்டவர். அந்த ஜூன் மாதம் வாலென்சியாவில் குடியரசு அரசின் சிறையில் இறந்துபோனார். ஊருக்குத் திரும்பும் வழியில் பிடித்துவைத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தைப் போன்ற குடும்பங்கள், தங்கள் பிள்ளை எந்தக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேறு எந்த இதழை நம்புவார்கள்? பிராங்கோவுக்குத் தீனி போடக்கூடாது என்று கவலைப்பட்ட ஆசிரியர் இவர்களை எந்தக் கணக்கில் வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரை வெளியே வராமலும் போகவில்லை. 'கான்ட்ரவர்சி', 'நியூ இங்கிலீஷ் வீக்லி' போன்ற சிறு இதழ்களில் ஆர்வெல் எழுதினார். மதிப்புரையை 'டைம் அண்ட் டைட்' போட்டது. அடுத்த ஆண்டு வந்த அவருடைய ஸ்பெயின் நூல் 1,500 பிரதி அச்சானது. அவர் சாகும்வரை அது விற்றுத் தீரவில்லை. பெரிய இதழ் ஒன்று கதவைச் சாத்தினால் உண்மை செத்துவிடாது, சின்ன அறைக்குக் குடிபோகும். அங்கே போய்ப் படிப்பவர்கள் ஏற்கெனவே ஒத்த கருத்து உள்ளவர்கள்தான்.

இப்போது என் சங்கதி. ரஷ்ய மார்க்சியச் சமூகவியலாளர் போரிஸ் ககர்லிட்ஸ்கிக்கு 2024 பிப்ரவரியில் ஐந்து ஆண்டுச் சிறை விதித்தார்கள். பிரெஷ்னெவ் காலத்தில், 1982இலேயே, சோவியத் அரசு சிறையில் போட்ட ஆள் அவர். இந்த முறை குற்றச்சாட்டு, பயங்கரவாதத்தை நியாயப்படுத்தினார் என்பது. கிரிமியாவை ரஷ்யாவோடு இணைக்கும் பாலத்தில் குண்டு வெடித்தபோது, அந்தப் பாலத்தின் செல்லமாகப் பேர்வாங்கிய ஒரு பூனையை வைத்து யூடியூபில் அவர் அடித்த கேலிதான் வழக்கு. இடதுசாரி ஒருவர், உக்ரைன் போரை எதிர்த்ததற்காக, பூனை ஜோக்கின் பேரில் உள்ளே போகிறார். தமிழ் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எழுதி, நான் மதிக்கும் ஒரு இதழுக்கு அனுப்பினேன். ஆசிரியர் நல்ல மனிதர். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது: "மேட்டர் நல்லா வந்திருக்கு தோழர். ஆனா இப்ப போட்டா நேட்டோகாரனுக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடும். கொஞ்ச நாள் போகட்டும்." பின்னணியில் தேநீர்க் கடைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நாள் என்பது இன்னும் முடியவில்லை.

கட்டுரையை நிராகரித்தது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நிராகரிப்பு எழுதுகிறவனுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தக் குரல் பதிவைக் கேட்டதும் எனக்கு மார்ட்டின் ஞாபகம் வந்தது. காரணம் அதே காரணம், எண்பத்தேழு வருடத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஒன்றுதான். மார்ட்டின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கொள்கை இது, உன் கட்டுரை அதற்கு முரண், ஆகவே போடமாட்டேன் என்று தெளிவாகச் சொன்னார். அந்தத் தாள் இருப்பதால்தான் இத்தனை வருடம் கழித்தும் நாம் அவரைத் திட்ட முடிகிறது. அவருக்காக வாதாடவும் முடிகிறது. நீங்கள் "பார்க்கலாம்", "கொஞ்ச நாள் போகட்டும்", "லேஅவுட்ல இடமில்ல" என்று சொல்லும்போது எதிர்காலத்தில் உங்களைத் திட்டக்கூட ஒருவருக்கும் வழி இருக்காது. பாராட்டவும் வழி இருக்காது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஈழப் போர்க் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். "இப்போது இதைப் பேச நேரமில்லை, எதிரிக்குச் சாதகமாகிவிடும்" என்ற வாக்கியம் தமிழ்ச் சூழலில் எவ்வளவு புழங்கியது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த வாக்கியத்தால் மேசை இழுப்பறையில் தங்கிப்போனவை எத்தனை, யார் எழுதியவை, அவற்றில் எது உண்மை, எது அவதூறு என்று இன்று ஒருவராலும் சொல்ல முடியாது. கடிதம் இல்லை, பதிவு இல்லை. அந்த நாட்களில் எடுத்த முடிவுகளில் சில சரியாகவேகூட இருந்திருக்கலாம். அதையும் நிரூபிக்க வழியில்லை.

போட்டதால் செய்த தவறுக்கும் மார்ட்டினிடம் உதாரணம் உண்டு. 1938 ஆகஸ்ட் 27ஆம் தேதி இதழில், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையைத் திருத்துவதைப் பற்றிப் பேசலாம், பொஹீமிய எல்லைக்காக உலகப் போர் வேண்டாம் என்ற பொருளில் ஒரு பத்தி வந்தது. பாசிச எதிர்ப்பு இதழ் என்று பேர்வாங்கிய இதழில்! பதினொரு நாள் கழித்து 'தி டைம்ஸ்' தன் தலையங்கத்தில், ஜெர்மானியர் வாழும் அந்த எல்லைப் பகுதியை விட்டுக்கொடுக்கலாமே என்றது. செப்டம்பர் கடைசியில், அந்தப் பகுதியை ஹிட்லருக்கே கொடுத்த மியூனிக் ஒப்பந்தம். இது ஆர்வெல் விவகாரத்தைவிடப் பெரிய சறுக்கல் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இது அச்சில் வந்ததால் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. அன்றைக்கே சண்டை போடலாம், இன்றைக்கும் அந்த இதழை நூலகத்தில் எடுத்து விரல் வைத்துக் காட்டலாம். போடாமல் விட்ட கட்டுரைக்கு அந்த வசதி கிடையாது.

ஆர்வெல்லைத் தேவதையாக்கவும் எனக்கு உத்தேசம் இல்லை. ஒரு மதிய உணவின்போது, எதிரில் மார்ட்டினின் முகம் தெரிகிறது என்று நண்பர் மால்கம் மக்கரிட்ஜிடம் இடம் மாற்றிக் கேட்டவர் அவர். 1949இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரசாரப் பிரிவுக்கு, கம்யூனிசச் சாய்வு உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதில் மார்ட்டின் பெயரும் உண்டு. ரகசியமாகக் கொடுத்தது, மார்ட்டினுக்குத் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. வெளிச்சத்துக்காக எழுதியவரும் தன் பங்குக்கு ஒரு காகிதத்தை இருட்டில் நகர்த்தியிருக்கிறார். இடைப்பட்ட போர்க்காலத்தில் அதே 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவர் புத்தக மதிப்புரைகளும் எழுதினார் என்பதைச் சொன்னால் சில ஆர்வெல் பக்தர்களுக்குக் கோபம் வரும். எழுதினார்.

பொறுப்பிலிருந்து விலகுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்பு மார்ட்டின் மறுபடி பழைய வித்தைக்கு வந்தார். 1957 நவம்பர் 2ஆம் தேதி, பிரிட்டன் தனியாகவே அணுகுண்டைக் கைவிட வேண்டும் என்று எழுத்தாளர் ஜே.பி. பிரீஸ்ட்லி எழுதிய கட்டுரையைப் போட்டார். கடிதங்கள் மூட்டையாக வந்தன. மார்ட்டின் வீட்டில் நடந்த சந்திப்பு உட்பட அடுத்தடுத்த கூட்டங்களில் அணு ஆயுத ஒழிப்பு இயக்கம் உருவாகி, 1958 பிப்ரவரியில் பகிரங்கமாகத் தொடங்கப்பட்டது. அதே 1957 நவம்பரில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல், அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் சோவியத் தலைவர் குருஷேவுக்கும் சேர்த்து ஒரு திறந்த மடல் எழுத, இதழ் அதை வெளியிட்டது. குருஷேவ் பதில் எழுதினார்! அமெரிக்கா தரப்பில் வெளியுறவு அமைச்சர் டல்லஸ் பதில் எழுதினார். அதற்குக் குருஷேவ் மறுபதில். பனிப்போரின் இரண்டு தலைநகரங்களும் லண்டனின் ஒரு வார இதழில் வாசகர் கடிதம் எழுதுவதுபோல் எழுதின. சோவியத் அனுதாபி என்று பேர் எடுத்த ஆசிரியர், டல்லஸ் எழுதியதையும் போட்டார். இடமில்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றும் சொல்லவில்லை.

நான் கேட்பது இதுதான். உங்களுக்கு நிலைப்பாடு இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. நிலைப்பாடே இல்லாத உலக அரசியல் இதழைப் படிக்க எனக்குப் பொறுமையும் இல்லை. ஒரு கட்டுரை உங்கள் நிலைப்பாட்டுக்கு இடறலாக இருந்தால், 1934இல் மார்ட்டின் செய்ததைச் செய்யுங்கள். போடுங்கள், பக்கத்திலேயே நீங்கள் மறுத்து எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த கெட்டிக்காரர் இருவரையும் எழுத வையுங்கள். காஸா, உக்ரைன், சூடான், மியான்மர் என்று எதை எடுத்தாலும் நம் இதழ்களில் ஒரே குரல் கோரஸ் பாடுகிறது. எதிர்க்குரல் வேறு இதழில் இருக்கிறது என்று சொல்வீர்கள். இருக்கிறது. அந்த வாசகர் உங்கள் இதழைத் தொடுவதில்லை, உங்கள் வாசகர் அதைத் தொடுவதில்லை.

அதுவும் முடியாது, இந்தக் கட்டுரையைப் போடவே கூடாது என்று மனதார நினைத்தால், போடாதீர்கள். எழுதியவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இரண்டு வரி போதும். "எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிரானது, அதனால் வெளியிடவில்லை" என்று எழுத அரை நிமிடம் ஆகுமா? அப்புறம், ஆண்டுக்கு ஒரு முறை, சந்தா விவரம் போடும் பக்கத்திலாவது, இன்ன பொருளில் வந்த கட்டுரைகளை இன்ன காரணத்தால் போடவில்லை என்று வாசகருக்குச் சொல்லுங்கள். எழுதியவர் பெயர் வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தனக்கு எது காட்டப்படவில்லை என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அபத்தத்தைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த வாசகருக்கு இதைத் தாங்கவும் தெரியும்.

வழக்கு வரும், உபா சட்டம் பாயும், அச்சகத்துக்காரர் பயப்படுகிறார் என்பதெல்லாம் வேறு. இரண்டு பேர் சேர்ந்து, வேலை முடிந்து வந்து, ராத்திரியில் ப்ரூஃப் பார்த்து நடத்தும் இதழை அந்த ஆபத்தில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு மனம் வராது. அப்படியானால் பயத்தால் போடவில்லை என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒருவரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். பயத்தைக் கொள்கை என்று சொல்லும்போதுதான் சிக்கல்.

இந்த மடலை உங்களில் ஐந்து இதழ்களுக்கு அனுப்புகிறேன். போட்டால் உங்கள் மறுப்பையும் சேர்த்தே போடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். போட விருப்பமில்லை என்றால் காரணத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். குரல் பதிவு மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்